ஒரே ஏடு, இரு சாளரங்கள்

விரிதாளில் ஒரே கோப்பு இரண்டாகத் திறக்கிறது என்றும், திறந்த கோப்பையே காணவில்லை என்றும் அலுவலகங்களில் முறையீடு எழுவதுண்டு. இவ்விரண்டையும் கணினியின் கோளாறு என்று தள்ளிவிடுகிறோம். உண்மையில் இவை 1979இல் தொடங்கும் ஒரு வரலாற்றின் எச்சங்கள்.

அன்றைய தேவை எத்தகையது என்பதைக் கச்சிராயபாளையத்தைக் கொண்டே விளக்கலாம். கல்வராயன் மலையடியில், கோமுகி அணைக்கு அருகிலுள்ள இவ்வூரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. இத்தகைய ஆலையின் கரும்புப் பதிவேடு ஒன்றை மனத்தில் கொள்வோம். உழவர் பெயர், ஊர், புல எண், இரகம், நடவா மறுதாம்பா, நட்ட நாள், வெட்டு உத்தரவு, எடை, பிடித்தம், தொகை என்று கட்டங்கள் நீண்டுகொண்டே போகும். பேரேட்டை விரித்தால் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒருசேரக் கண்ணில் படும். விரிதாள் என்ற பெயருக்குப் பொருளே அதுதான். கணினித் திரையிலோ தொகையைப் பார்க்கையில் பெயர் மறைந்துவிடுகிறது.

டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கிய விசிகால்க் 1979இல் வெளிவந்தது. அதில் 63 நிரல்களும் 254 வரிசைகளும் இருந்தன. திரையின் அகலமோ 40 எழுத்துகளே. ஆகவே திரையைக் குறுக்காகவோ நெடுக்காகவோ இரண்டாகப் பிரித்துக்கொள்ளும் வசதியை அதிலேயே வைத்துவிட்டார்கள். அரைப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குத் தாவலாம். நம் பார்வையில், கூட்டல் கணக்கை விடவும் இதுவே அவர்களது நுண்ணறிவுக்குச் சான்று. பேரேட்டின் இரு பக்கங்களையும் சிறு கண்ணாடிக்குள் கொண்டுவந்தது இதுவே.

மைக்ரோசாஃப்டின் எக்செல் 1985இல் மக்கின்டோஷுக்கும் 1987இல் விண்டோஸுக்கும் வந்தது. அதிலுள்ள 'நியூ விண்டோ' கட்டளை ஒரு படி மேலே போயிற்று. ஒரே கோப்பை முழுமையான இரு சாளரங்களில் அது காட்டும். தலைப்பில் கோப்பின் பெயருக்குப் பின் 1 என்றும் 2 என்றும் எண் சேரும். குழப்பத்தின் வேர் இந்த எண்ணே. எண்ணைக் கண்டவர் இரண்டாவதைப் படி என்று கொள்கிறார். சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு வேறுபாடு எளிதில் விளங்கும். ஒரு நூலுக்கு இரு சுவடிகள் இருந்தால் ஒன்றைச் செல்லரித்தாலும் மற்றொன்று எஞ்சும். இங்கோ இருப்பது ஒரே சுவடி. இருவர் இரு பக்கம் நின்று அதைப் படிக்கிறார்கள். இரண்டாம் சாளரத்தில் 'மிகை' என்று ஒரு வரிசையை அழித்தால் முதல் சாளரத்திலும் அது அழியும். அழிந்தது ஓர் உழவரின் பதிவு என்றால் அவருடைய வெட்டு உத்தரவு தள்ளிப்போகும். முற்றிய கரும்பு நின்று காய்ந்து எடை குறையும். அக்கணமே கண்டால் கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தி மீட்கலாம். சேமித்து மூடிய பின் அவ்வழியும் அடைபடும்.

இரு சாளரங்கள் திறந்திருக்கையில் சேமித்தால், மறுநாளும் கோப்பு இரண்டாகவே திறக்கும். சாளரங்களின் எண்ணிக்கை, இடம், அளவு, மறைந்துள்ளனவா என்பது வரை யாவும் கோப்பிலேயே பதிவாகின்றன. தீர்வு எளிது: ஒன்றை மூடிவிட்டுச் சேமிக்க வேண்டும். எதை மூடுவது என்பதில்தான் கவனம் தேவை. தலைப்பு வரிசையை நகராமல் நிறுத்தும் 'ஃப்ரீஸ் பேன்ஸ்' போன்ற அமைப்புகள் அந்தந்தச் சாளரத்துக்கே உரியவை. பல பதிப்புகளில் புதிதாகத் திறந்த சாளரத்துக்கு அவை வருவதில்லை. எனவே எண் 2 உடையதை மூடுவதே முறை. முதலாவதை மூடிச் சேமித்தவர், தலைப்பு ஏன் நழுவுகிறது என்று பிறகு திகைப்பார்.

காணாமற்போன கோப்பின் கதையும் இதனோடு ஒட்டியதே. 'ஹைட்' கட்டளையால் சாளரத்தை மறைத்து, வெளியேறும்போது கேட்கும் கேள்விக்குச் சேமிக்கச் சொல்லிவிட்டால், அடுத்த முறை வெறும் சாம்பல் நிறத் திரைதான் வரும். 2003 பதிப்புவரை 'விண்டோ' பட்டியிலும், 2007 முதல் 'வியூ' பட்டியிலும் உள்ள 'அன்ஹைட்' அதை மீட்டுத் தரும். அங்கே 'பர்சனல்' என்றொரு பெயர் தென்பட்டால் அஞ்ச வேண்டாம். மேக்ரோக்களுக்காக எக்செல் மறைவாகவே வைத்திருக்கும் ஏடு அது, அப்படியே விட்டுவிடலாம்.

2010 பதிப்புவரை எல்லா ஏடுகளும் ஒரு தாய்ச் சாளரத்துக்குள் அடங்கியிருந்தன. 2013 பதிப்பு அந்தக் கூட்டுக்குடும்பத்தைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிச் சாளரம் கொடுத்தது. இரு திரைகள் வைத்து வேலை செய்வோருக்கு இது பெரும் வசதி. இரண்டாம் திரையைக் கழற்றிய பின், அங்கே விரிந்திருந்த ஏடு கண்ணுக்கெட்டாத ஓரத்தில் போய் நின்றுவிடுவதும் உண்டு. அதற்கு 'அன்ஹைட்' பயன்படாது. 'வியூ' பட்டியில் 'அரேஞ்ச் ஆல்' கொடுத்தால் ஏடு இருக்கும் திரைக்கு வந்து சேரும்.