ஐந்து காலிக் கட்டங்கள்

கணினி அறிவியல் படிக்கிற பிள்ளைகளிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வகுத்தல் செய்யும் ஒரு சில்லுக்குக் கோடிக்கணக்கில் கணக்குகள் கொடுத்துச் சோதித்தாயிற்று; எல்லா விடையும் சரி. அப்போ சில்லு சரியா? பாதிப் பேர் "சரிதான் சார்" என்பார்கள். அவர்களுக்கு 1994ஆம் ஆண்டின் பென்டியம் கதையைச் சொல்வேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்த ஜூனில் கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை. நிரல், கம்பைலர், மதர்போர்டு என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்து விலக்க அக்டோபர் ஆகிவிட்டது. கடைசியில் மிஞ்சியது பென்டியம்தான். 1ஐ 824633702441 ஆல் வகுத்தால் அது தப்பான விடை சொன்னது.

ஏன்? பள்ளியில் நீள்வகுத்தல் போடும்போது "எத்தனை தடவை போகும்?" என்று முன் இலக்கங்களைப் பார்த்து ஊகிப்போம் இல்லையா, பென்டியமும் அதைத்தான் செய்தது. ஸ்வீனி, ராபர்ட்சன், டோச்சர் மூவரும் 1950களின் இறுதியில் தனித்தனியே கண்ட எஸ்ஆர்டி முறை அது. ஒவ்வொரு அடியிலும் −2 முதல் 2 வரை ஓர் இலக்கத்தை அட்டவணையிலிருந்து எடுக்கும். ஊகம் சற்றுப் பிசகினாலும் அடுத்த அடி திருத்திக்கொள்ளும். மதிப்பு இருக்க வேண்டிய 1066 கட்டங்களில் 5 விடுபட்டுவிட்டன என்பது இன்டெல் தந்த விளக்கம். அங்கே 2 வர வேண்டும், வந்தது 0. அவ்வளவு பெரிய பிசகை அடுத்த அடியால் திருத்த முடியாது.

டிம் கோ என்ற பொறியாளர் இதை ஊகித்து ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்: 4195835 ÷ 3145727. சரியான விடை 1.33382, பென்டியம் சொன்னது 1.33373. அந்த வகுஎண்ணை இருமத்தில் எழுதிப் பாருங்கள்: 1, 0, பிறகு வரிசையாக இருபது 1கள். காலிக் கட்டத்தைத் தொட இப்படி ஒரு 1களின் வரிசை வேண்டும். குருட்டாம்போக்கில் எடுத்த எண்களில் 900 கோடிக்கு ஒருமுறைதான் பிழை வரும் என்றது இன்டெல்.

அப்படியானால் எல்லா எண்களையும் சோதித்துவிடலாமே? இங்கேதான் பிள்ளைகள் டூரிங்கை இழுப்பார்கள். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா என்று சொல்லும் பொதுவழி கிடையாது என்று 1936இல் அவர் காட்டியது உண்மை. ஆனால் அந்த வரம்பு இங்கே தடையில்லை. சில்லு முடிவுள்ளது, கொள்கையளவில் எல்லாவற்றையும் சோதிக்கலாம். தடை, அளவுதான். இரண்டு எண்களுக்கும் தலா 52 பிட் என்றால் 2இன் 104ஆம் அடுக்கு ஜோடிகள். நொடிக்கு 100 கோடி சோதித்தாலும் ஆறு கோடி கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அதனால் நிரூபணம் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எஸ்ஆர்டி முறை கணிதப்படி சரியானதுதான். அதைச் சிலிக்கானில் இறக்கியபோதுதான் கட்டங்கள் விடுபட்டன. தாளில் இருக்கும் முறையை மட்டும் நிரூபித்தால் போதாது. செய்து முடித்த சுற்று அந்த முறையைத்தான் பின்பற்றுகிறதா என்றும் நிரூபிக்க வேண்டும்.

இன்டெல் உள்ளுக்குள் அதே கோடையில் பிழையை அறிந்திருந்தும் வெளியே சொல்லவில்லை. விஷயம் வெளிவந்ததும், சாதாரணப் பயனருக்கு 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பிழை வரும் என்றது. டிசம்பரில் ஐபிஎம் பென்டியம் கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20 அன்று, கேட்டவர்க்கெல்லாம் சில்லை மாற்றித் தருவதாக இன்டெல் இறங்கிவந்தது. செலவு 47.5 கோடி டாலர். அடுத்த ஆண்டே ஏஎம்டியின் கே5 சில்லுடைய வகுத்தல் நிரல் ஏசிஎல்2 என்ற கருவியால் நிரூபிக்கப்பட்டது. இன்டெலும் முறைசார் நிரூபணத்துக்குள் இறங்கியது.

கதை முடிந்ததும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பேன். "நாம கேட்ட கணக்குக்கெல்லாம் சரி சார்" என்று யாராவது சொன்னால் போதும். அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது.