நோன்புக் கஞ்சி அரிசி

ரமலான் மாதத்தில் கஞ்சி காய்ச்சத் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு விலையின்றி வழங்கும் பச்சரிசி. 2001இல் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கியது. பின்வந்த ஆட்சிகளிலும் தொடர்ந்தது. 2020இல் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் ஒதுக்கப்பட்டது. ஊரடங்கு காரணமாக அவ்வாண்டு அரிசி வீடுகளுக்கே கொண்டு சேர்க்கப்பட்டது.

மதுரையில் காஜிமார் தெரு, கோரிப்பாளையம் போன்ற பகுதிகளில் அஸர் (பிற்பகல்) தொழுகையையொட்டித் தூக்குவாளிகளோடு ஆட்கள் கூடுவார்கள். பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால் சேர்த்து அண்டாவில் காய்ச்சிய கஞ்சி, அக்கம்பக்கத்துப் பிற மதத்தாருக்கும் போகும்.

இஸ்லாமிய மார்க்கச் சட்டப்படி இவ்வரிசி ஜகாத் (கட்டாயக் கொடை) அன்று. ஜகாத் பெறுவோரைக் குர்ஆன் (9:60) எட்டுப் பிரிவாக வரையறுக்கிறது; ஏழைகளும் வறியவர்களும் முதலில் வருகிறார்கள். பொதுக் கருவூலத்து உணவுக்கு அந்த வரையறை கிடையாது. பசித்தவருக்குச் சோறிடுவது ஆட்சியாளரின் பொறுப்பு என்னும் பைத்துல்மால் (பொதுக் கருவூலம்) மரபே இதற்கு நெருக்கமானது. கஞ்சிக்கென வந்ததை வெளியில் விற்பது அமானிதத்துக்கு (நம்பி ஒப்படைக்கப்பட்டதற்கு)ச் செய்யும் துரோகம். அரசு அரிசி தருகிறது என்பதால் ஜகாத்தும் பெருநாள் தர்மமான பித்ராவும் கொடுக்க வேண்டிய வசதி படைத்தவரின் கடமை துளியும் குறையாது. மதுரை ராவுத்தர் முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) பித்ராவைத் தானியமாகவோ பணமாகவோ கொடுக்கலாம். பெருநாள் தொழுகைக்கு முன்பே அது ஏழையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.