சூட்டுக்குக் காரணம் சப்ளை: டிடிஏ 2030, டிபிஏ 3116 ஓர் ஒப்பாய்வு

வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கட்ட நினைப்பவர் முன்னால் இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. டிடிஏ 2030 ஐசியும் இரும்பு டிரான்ஸ்பார்மரும் சேர்ந்த கிளாஸ் ஏபி ஒன்று. டிபிஏ 3116 போர்டும் எஸ்எம்பிஎஸ் அடாப்டரும் சேர்ந்த கிளாஸ் டி மற்றொன்று. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் இரண்டையும் வாங்கிவிடலாம். ஐசி கொதித்தால் உடனே பெரிய ஹீட் சிங்க் தேடுவதே நம் வழக்கம். ஆனால் அந்தச் சூட்டின் அளவு, சப்ளையைத் தேர்ந்தெடுத்த அன்றே பெருமளவு முடிவாகிவிடுகிறது.

முதலில் சூட்டைப் பார்ப்போம். டிடிஏ 2030-க்கு ±14 வோல்ட் கொடுத்து, 4 ஓம் ஸ்பீக்கரில் 1 வாட் மட்டும் எடுத்தால், சப்ளையிலிருந்து 6 வாட்டுக்கு மேல் போகிறது. மீதி 5 வாட்டும் ஐசிக்குள்ளேயே வெப்பமாகிறது. சூடு உச்சத்துக்குப் போவது முழு ஒலியில் அல்ல, முழுத் திறனில் ஏறக்குறைய 40 சதவீதத்தில். ±14 வோல்ட்டில் அந்த உச்சம் சுமார் 10 வாட். ±18 வோல்ட்டில் 16 வாட். வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப வெப்பம் ஏறுவதே காரணம்.

டிபிஏ 3116-இல் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறக்கும், அல்லது முழுதாக மூடும். அதைத்தான் நொடிக்குப் பல லட்சம் முறை செய்கின்றன. நடுவில் நின்று வெப்பத்தை விழுங்கும் வேலை அவற்றுக்கு இல்லை. 8 ஓம் ஸ்பீக்கர்களுக்கு இரு சேனலிலும் சேர்த்து 60 வாட் கொடுக்கும்போதுகூட 6, 7 வாட்தான் வீணாகும். ஆனால் விரல் நகம் அளவே உள்ள ஐசியிலிருந்து அது வெளியேற வேண்டும் என்பதால், சிறிய ஹீட் சிங்க் இதற்கும் கட்டாயம்.

சப்ளை விஷயத்தில் இரண்டும் நேர் எதிர். டிடிஏ 2030-க்கு 12-0-12 டிரான்ஸ்பார்மர் போடுகிறவர்கள் நிறைய. 12-ஐ 1.414-ஆல் பெருக்கி டையோடு இழப்பைக் கழித்தால் 16 வோல்ட்; கணக்குச் சரியாகத்தான் தெரியும். ஆனால் டிரான்ஸ்பார்மரில் எழுதியிருப்பது முழு லோடில் வரும் வோல்டேஜ். லோடு இல்லாதபோது சிறிய டிரான்ஸ்பார்மர் 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கக்கூடும். ராத்திரியில் லைன் 250 வோல்ட்டுக்கு ஏறினால், கெபாசிட்டரில் ±20 வந்து நிற்கும். இந்த ஐசியின் உச்ச வரம்பு ±18 மட்டுமே. 9-0-9 போட்டால் உயிரும் பிழைக்கும், சூடும் குறையும். இன்னொன்று: இந்த ஐசியின் உலோகத் தகடு மைனஸ் சப்ளையோடு இணைந்தது. மைக்கா ஷீட் இல்லாமல் ஹீட் சிங்க்கில் முடுக்கி, அது கிரவுண்டான பெட்டியில் பட்டால் மைனஸ் லைன் ஷார்ட்டாகும்.

அடாப்டரில் வோல்டேஜ் நிலையாக நிற்கும். அங்கே சிக்கல் ஆம்பியரில். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் லேப்டாப் அடாப்டர் மொத்தம் 65 வாட் தரும். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு மாட்டினால் பேஸ் அடிக்கும் கணத்தில் தேவை அதைத் தாண்டிவிடும். டிரான்ஸ்பார்மர் என்றால் வோல்டேஜ் கொஞ்சம் தளர்ந்து சமாளிக்கும். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ளச் சட்டென்று அணைந்து, மீண்டும் உயிர்பெறும். பாட்டு விட்டுவிட்டு வருவதைக் கேட்டு ஐசியை மாற்றுவது வீண்செலவு. ஆம்பியர் கூடிய அடாப்டரே மருந்து.

இரண்டு வழிகளையும் கலக்கும்போது ஆபத்து இன்னும் பெரிது. 24 வோல்ட் அடாப்டர் தாங்கும் டிபிஏ 3116-க்கு 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரைப் பிரிட்ஜ் டையோடோடு கொடுத்தால், டிசி 32 வோல்ட்டைத் தாண்டும். ஐசியின் உச்ச வரம்பு 30. ஸ்விட்ச் போட்டதுமே போய்விடலாம். பழைய டிரான்ஸ்பார்மரைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் 15 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சின்ன அறைக்கு, குறைந்த சூட்டில் நல்ல ஒலி போதும் என்பவருக்கு நான் சொல்வது டிபிஏ 3116. ஒவ்வொரு பாகத்தின் வேலையையும் கைப்பட அறிய விரும்பும் மாணவருக்கு டிடிஏ 2030. எதைக் கட்டினாலும் ஐசியை இணைக்கும் முன் சப்ளையைச் சோதித்துவிடுங்கள்: டிரான்ஸ்பார்மர் என்றால் லோடு இல்லாதபோது மீட்டர் காட்டும் வோல்டேஜ், அடாப்டர் என்றால் லேபிளில் உள்ள ஆம்பியர். ஹீட் சிங்க் வாங்குவது அதற்குப் பிறகு.