விளம்பரத்தில் வந்த கரண்டு பஸ்



சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடந்த வரலாற்றுக் கண்காட்சியில் ‘பழைய வண்டிகள்’ என்று ஒரு மேசை போட்டிருந்தோம். பழைய சஞ்சிகைகளிலும் பத்திரிகைகளிலும் வெளிவந்த வாகன விளம்பரங்களைச் சேகரித்து அட்டையில் ஒட்டியவர்கள் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள். படத்துக்குக் கீழே பெயர் எழுதச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவற்றுள் இரண்டடுக்கு பஸ் படம் ஒன்று இருந்தது. ‘லண்டன் மாநகர மோட்டார் பஸ்’ என்று எழுத வைத்தேன்.

ஒரு மாணவியின் தாத்தா, தோட்டத்தில் மரம் சீவி ஓய்வு பெற்றவர், அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“வாத்தியாரே, இது மோட்டார் பஸ் இல்ல. கரண்டு பஸ்சு. சின்னப் புள்ளையில தைப்பூசத்துக்குப் போனப்ப இதுல ஏறியிருக்கேன், பினாங்குல.”

“இல்லீங்க ஐயா, இது லண்டன் பஸ். பினாங்குல எப்படி ஓடும்?” என்றேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பெரியவர் மறுபேச்சுப் பேசவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதன் பிறகுதான் பழைய பஸ்களை அடையாளம் காண்பது எப்படி என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதலிலேயே படித்திருக்கலாம்!

பழைய பஸ்ஸை அதன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். முகம் என்றால் ரேடியேட்டர், அதாவது என்ஜின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர்த் தொட்டி. அக்காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் அதில்தான் தன் முத்திரையைப் பதித்தது. ஏ.இ.சி. என்றால் முக்கோணச் சின்னம். லேலண்ட் என்றால் மேல்பக்கம் பெயரே எழுதியிருக்கும். ஸ்காட்லாந்தின் ஆல்பியன் வண்டிக்கு உதிக்கும் சூரியன். கை மோட்டார்ஸ் (நம் கையன்று, அது முதலாளியின் பெயர்) ரேடியேட்டர் மூடியின் மேல் இறகு சூடிய செவ்விந்தியத் தலைவரின் தலையை வைத்தது. பிற்காலத்தில் 1951இல் ஆல்பியனும் 1962இல் ஏ.இ.சி.யும் லேலண்டுடன் சேர்ந்துவிட்டன. விளம்பரங்களில் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டவர்கள் கடைசியில் ஒரே வீட்டுக்காரர்கள் ஆனார்கள்.

ஆனால் முத்திரை சொல்வது அடிச்சட்டத்தையும் என்ஜினையும் செய்தவர் யார் என்பதை மட்டும்தான். மேலே பாடி கட்டியவர் வேறொருவராக இருக்கலாம். நம் நாட்டில் லோரிக்கென்று வந்த அடிச்சட்டத்தின் மேல் உள்ளூர்த் தச்சர்கள் பலகையால் பாடி கட்டி பஸ்ஸாக ஓடவிட்டதும் உண்டு. சிங்கப்பூரில் 1920களில் ஓடிய ‘கொசு பஸ்’ ஏழு பேர் உட்காரும் சின்ன வண்டி. ஃபோர்ட் மாடல் டி காரின் அடிச்சட்டத்தில் அப்படிப் பல வண்டிகள் எழும்பின. விளம்பரத்தில் கார், சாலையில் பஸ்!

அடுத்தது டிரைவர் உட்காரும் இடம். பழைய பிரிட்டிஷ் பஸ்ஸில் என்ஜின் ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒடுக்கமான அரைக் கூண்டில் டிரைவர் தனியாக இருப்பார். 1950 வாக்கில் லேலண்டின் ராயல் டைகர் போன்றவற்றில் என்ஜின் தரைக்குக் கீழே போனது. முகம் தட்டையாகிவிட்டது. ஆகவே தட்டை முகத்துடன் ஒரு டீசல் பஸ்ஸைக் கண்டால் 1930ஆம் ஆண்டு என்று எழுதத் தயங்க வேண்டும்.

தட்டை முகமாக இருந்தும் மிகப் பழையதாக இருந்தால்? அங்கேதான் நான் ஏமாந்தேன். டிராலி பஸ்ஸுக்கு ரேடியேட்டரே வேண்டாம். அதற்கு என்ஜின் இல்லை, மின்சார மோட்டார்தான். கூரைமேல் இரண்டு கொம்புகள் இருக்கும். டிராமுக்கு ஒரு கம்பி போதும். மின்சாரம் இரும்புத் தண்டவாளம் வழியாகத் திரும்பிவிடும். ரப்பர் சக்கரம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே டிராலி பஸ்ஸுக்கு வர ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி. எங்கள் படத்தில் மேல்பகுதியை வெட்டியிருந்தார்கள். பாதி தெரிந்த கொம்புகளை நான் பின்னாலிருந்த விளக்குக் கம்பம் என்று எண்ணிவிட்டேன். பின்பக்கம் இரண்டு அச்சுகள் இருந்ததையும் கவனிக்கவில்லை. லண்டன் டிராலி பஸ்கள் பெரும்பாலும் மூன்று அச்சு வண்டிகள்.

சிங்கப்பூரில் 1926 முதல் 1962 வரை டிராலி பஸ் ஓடியது. பினாங்கு ஜார்ஜ் டவுனிலும் 1920களில் வந்து 1961 வரை ஓடியது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. லண்டன் தன் பழைய டிராலி பஸ்களைக் கழித்துவிட்டபோது, 1950களின் நடுவில், ஐந்து இரண்டடுக்கு வண்டிகளை ஜார்ஜ் டவுன் வாங்கியது. அவை 1930களில் லண்டனுக்காக ஏ.இ.சி. அடிச்சட்டத்தில் கட்டியவை. எங்கள் அட்டையில் இருந்ததும் அந்த 1930களின் ஏ.இ.சி. விளம்பரம்தான். ஆக, நான் எழுதியதில் லண்டன் மட்டும் சரி. பெரியவர் சொன்னதில் எல்லாமே சரி. பினாங்கில் எடுத்த படமாக இருந்தால் எண் பலகையில் ‘பி’ எழுத்து நின்றிருக்கும், அவ்வளவே வேறுபாடு.

அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள், “அட விடுங்க வாத்தியாரே, காப்பி குடிங்க” என்றார். பிறகு படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“இதுல ஆளே காணோமே?”

உண்மைதான். விற்பதற்குப் போட்ட படம். வண்டியைத் துடைத்து, காலியாக நிறுத்திப் பிடித்திருந்தார்கள். டிரைவரும் இல்லை, கண்டக்டரும் இல்லை.

“வளைவுல கொம்பு கம்பிய விட்டு நழுவிடும். பஸ்சு அப்படியே நின்னுரும். கண்டக்டரு எறங்கி நீட்டு மூங்கில் கழியால புடிச்சு மறுபடி மாட்டுவாரு. நாங்க புள்ளைங்கல்லாம் எப்ப நழுவும்னு காத்துக்கிட்டு இருப்போம்.”

எந்த விளம்பரத்திலும் இது இல்லை. பக்கத்திலிருந்த பேத்தியிடம் பழைய எழுத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டச் சொன்னேன். அவளே எழுதினாள்: ‘லண்டனுக்காகக் கட்டிய டிராலி பஸ். இந்த மாதிரி ஐந்து பஸ் பினாங்கில் ஓடியது. கண்டக்டரிடம் மூங்கில் கழி இருக்கும். என் தாத்தா இதில் போயிருக்கிறார்.’