வழிகாட்டும் நாயும் ஆறுதல் தரும் நாயும்

சிங்கப்பூரின் மேற்குக் கோடியாகிய துவாசுக்கு 2017ஆம் ஆண்டில் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியது. பார்வையற்றவர் ஒருவர் தம் வழிகாட்டி நாயுடன் அந்த ரயிலில் ஏறி, கடைசி நிலையமான துவாஸ் லிங்க் வரையிலும் செல்லலாம். நோயாளிகளின் மனத்தைத் தேற்றும் சிகிச்சை நாய்க்கு அவ்வுரிமை இல்லை. இரண்டும் மனிதருக்கு நன்மை செய்வனவே. அவ்வாறாயின் இவ்வேற்றுமை ஏன்? அவை தோன்றிய வரலாற்றை நோக்கின் விடை விளங்கும்.

முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர் பலர். ஜெர்மனியில் டாக்டர் கெர்ஹார்டு ஸ்டாலிங் என்பார், அத்தகைய வீரர் ஒருவரிடம் தம் நாயைச் சிறிது நேரம் விட்டுச் சென்றார் என்றும், அந்நாய் அவரைப் பேணிய பாங்கைத் திரும்பி வந்து கண்டு வியந்தார் என்றும் கூறுவர். 1916இல் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்களுக்கென ஒரு பள்ளியை அவர் நிறுவினார். 1929இல் அமெரிக்காவிலும் 1931இல் பிரிட்டனிலும் இம்முயற்சி வேரூன்றியது. சிங்கப்பூரில் இதற்கென 2006இல் ஒரு சங்கம் அமைந்தது.

சிகிச்சை நாயின் கதையும் இதுபோன்றதொரு தற்செயலில் தொடங்குகிறது. அமெரிக்க உளநூல் அறிஞர் போரிஸ் லெவின்சன், பிறருடன் பழகாது ஒடுங்கியிருந்த சிறுவன் ஒருவன் தம் நாய் ஜிங்கிள்சுடன் மகிழ்ந்து உறவாடுவதைக் கண்டார். இதனை 1961இல் அறிஞர் அவையில் எடுத்துரைத்து, மறு ஆண்டு கட்டுரையாகவும் வெளியிட்டார்.

இரு நிகழ்ச்சிகளும் ஒத்தவை, விளைவுகளோ வேறு. ஸ்டாலிங்கின் வழிவந்த நாய் ஒருவருக்கே உரியது. செல்லும் வழியை அறிந்தவர் மனிதர்; படியையும் பள்ளத்தையும் உணர்த்துவது நாய். "முன்னே செல்" என்று ஆணையிட்டாலும், வண்டி வருமாயின் அது நகராது. அவ்வாறு மறுப்பதும் அதன் பயிற்சியே. செவிப்புலன் இழந்தோர்க்கு ஒலியை அறிவிக்கும் நாயும், சக்கர நாற்காலியில் இருப்போர்க்குப் பொருளை எடுத்துத் தரும் நாயும் இவ்வினத்தைச் சேர்ந்த சேவை நாய்களே.

லெவின்சன் வழிவந்த நாய் பலருக்குப் பொது. சாந்த குணமும் அந்நியர் தொட்டால் அஞ்சாமையுமே அதற்கு வேண்டிய தகுதிகள். உரிமையாளருடன் மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்திற்கோ அழைப்பின்பேரில் சென்று திரும்பும். அது விருந்தாளி. வழிகாட்டி நாயோ கண்ணுக்குப் பதிலாய் நிற்பது. கண்ணை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருமாறு எவரையும் கேட்டல் தகுமோ? சிங்கப்பூரில் உணவகத்திலும் பேருந்திலும் அதற்கு அனுமதி இருப்பதன் பொருள் இதுவே.

இவ்வேற்றுமை அறியாதார் இருவகையில் தீங்கிழைப்பர். வளர்ப்பு நாய்க்குச் சேவை நாயின் பெயரைச் சூட்டி எங்கும் அழைத்துச் செல்வோரால், மெய்யான வழிகாட்டி நாயும் ஐயத்திற்கு உள்ளாகிறது. வாசலில் தடுக்கப்படுபவர் பார்வையற்றவரே. அன்பு மிகுதியால் வழிகாட்டி நாயைத் தடவிக் கொடுப்போர், அதன் கவனத்தைக் குலைத்து அவருக்கே இடர் விளைக்கின்றனர்.

ஆதலின் ஆசிரியர் மாணவர்க்குக் கற்பிக்கத்தக்கது எளிது. சிகிச்சை நாயை உரியவரிடம் கேட்டுத் தொடலாம். கைப்பிடிக் கவசம் பூண்டு நடக்கும் நாயைத் தொடாது, அழையாது, உணவு நீட்டாது, வழிவிட்டு நிற்றலே அதற்கும் அதனை நம்பி நடப்பவருக்கும் நாம் செய்யும் உதவி.