நகராத வீட்டுக்கு நகரும் தொலைபேசி எதற்கு? கார்டெக்ட் எழுப்பிய கேள்வி

கம்பியில்லாத் தொலைத்தொடர்பின் வரலாற்றை நாம் பெரும்பாலும் வென்ற தொழில்நுட்பங்களின் வரிசையாகவே எழுதுகிறோம். வழக்கொழிந்த ஒன்றையும் கருதிப் பார்ப்பது பயனுடையது.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, கல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதோடு இந்தியாவில் செல்பேசிச் சேவை தொடங்கியது. அது பின்பற்றிய ஜிஎஸ்எம் முறை, ஓடும் வண்டியிலும் பேச்சு அறாதிருக்க வேண்டும் என்ற நோக்கில் வடிவமைக்கப்பட்டது. 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்றை 8 உரையாடல்கள் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு, குரல் நொடிக்கு 13 கிலோபிட்டாக ஒடுக்கப்பட்டது. அலைக்கற்றை மிச்சமாயிற்று, குரலின் தரம் சற்றுக் குறைந்தது. கோபுரங்களுக்கு அலைவரிசைகளை முன்கூட்டியே பங்கிடும் பொறுப்பும் சேர்ந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய டெநெட் குழுவினரும் வேறொரு கேள்வியிலிருந்து புறப்பட்டனர். தொலைபேசி இணைப்பின் செலவில் பெரும்பங்கு, நிலையத்திலிருந்து வீடுவரை புதைக்கப்படும் செப்புக் கம்பிக்கே சென்றது. கம்பியை நீக்கினால் விலை குறையும். ஆனால் வீடு நகர்வதில்லை. அதற்கு நகரும் வசதி எதற்கு?

ஐரோப்பியக் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசித் தரமான டெக்ட்டை அடிப்படையாகக் கொண்டு உருவானதே கார்டெக்ட். இதில் குரல் நொடிக்கு 32 கிலோபிட்டில் சென்றதால் கம்பித் தொலைபேசியின் தரம் கிட்டியது. கருவியே இடையூறற்ற தடத்தைத் தேர்ந்துகொண்டதால் அலைவரிசைப் பங்கீடு தேவைப்படவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் இயங்கியது. இவற்றுக்கு ஈடாக இழந்தது தொலைவையும் நகர்வையும். குறைந்த ஆற்றலில் இயங்கியதால், கூரை ஆன்டெனாவுக்கும் கோபுரத்துக்கும் இடையே மறைப்பில்லாதபோது எல்லை 10 கிலோமீட்டர். இடைநிலையம் அமைத்தால் 25 கிலோமீட்டர். மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதிச் சிற்றூர்களின் இணைய நிலையங்கள் இந்த ஏற்பாட்டிலேயே இயங்கின.

பொறியியல் கணக்கில் பிழை இருந்ததாகத் தோன்றவில்லை. எனினும் செலவைத் தீர்மானிப்பது வடிவமைப்பு மட்டுமன்று, உற்பத்தி எண்ணிக்கையும்தான். உலகெங்கும் கோடிக்கணக்கில் ஜிஎஸ்எம் கருவிகள் உற்பத்தியானபோது அவற்றின் விலை சரிந்தது. 2003-இல் ஒருங்கிணைந்த உரிமம் வந்தபின், நிலைத்த கம்பியில்லா இணைப்புக்கும் செல்பேசிக்கும் இடையே உரிம விதிகள் எழுப்பியிருந்த வேலியும் அகன்றது. வீடு நகராவிட்டாலும், வீட்டிலுள்ளோர் நகர்ந்தனர்.

ஆயினும் அக்கேள்வி மறையவில்லை. இன்று 5ஜி அலைவழியே வீடுகளுக்கு இணையம் வழங்கும் நிறுவனங்கள் மீண்டும் கூரையில் கருவியைப் பொருத்துகின்றன. ஒரு வடிவமைப்பை அது எதை விட்டுக்கொடுத்தது என்பதைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. யாருக்காக, எந்த விலைச்சூழலில் விட்டுக்கொடுத்தது என்பதையும் வரலாறு பதிவுசெய்ய வேண்டும்.