பெருவிலகல் கோட்பாடும் சீனிவாச வரதனும்

தமிழ்நாட்டுக் கணித வரலாறு பெரும்பாலும் இராமானுசனின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆசிரியரும் தோழரும் இன்றித் தனித்து எழுந்த மேதை என்னும் அப்படிமம், பின்வந்தோரை மதிப்பிடவும் அளவுகோலாயிற்று. அவ்வளவுகோலுக்கு அடங்காதவர் எஸ். ஆர். சீனிவாச வரதன். ஆய்வுத்திறன் நிறுவனச் சூழலிலும் கூட்டுழைப்பிலும் வளர்வதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

வரதன் 1940 சனவரி 2 அன்று சென்னையில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் சிறப்புப் பட்டம் பெற்று, 1959இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆய்வு மாணவரானார். மகலனோபிசு தோற்றுவித்த அந்நிறுவனத்தில் மாதிரிக் கணக்கெடுப்பும் தூய கணிதமும் ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்தன. தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டில் ஈடுபடும் எண்ணத்தோடு சென்றவரை நிகழ்தகவுக் கோட்பாட்டின்பால் ஈர்த்தது அங்கிருந்த இளம் ஆய்வாளர் குழு. வி. எஸ். வரதராசன், ஆர். ரங்க ராவ், கே. ஆர். பார்த்தசாரதி ஆகியோர் அக்குழுவினர். நெறியாளர் சி. ஆர். ராவ். நிகழ்தகவியலுக்கு அடிப்படை விதிகள் வகுத்த உருசியப் பேரறிஞர் கொல்மகோரவ், வரதனின் ஆய்வேட்டை மதிப்பிட்டோருள் ஒருவர்.

1963இல் நியூயார்க்கின் கூரண்ட் கணித நிறுவனத்தை அடைந்த வரதன், 1966இல் வெளியிட்ட கட்டுரையில் பெருவிலகல் கோட்பாட்டிற்குப் பொது வடிவம் தந்தார். அதன் கருத்தை நாணயச் சுண்டலால் விளக்கலாம். சீரான நாணயத்தை 100 முறை சுண்டினால், 60 அல்லது அதற்கு மேற்பட்ட தலைகள் விழும் வாய்ப்பு நூற்றில் ஏறத்தாழ மூன்று. 1,000 முறை சுண்டி 600 அல்லது அதற்கு மேற்பட்ட தலைகள் பெறும் வாய்ப்போ ஆயிரம் கோடியில் ஏறத்தாழ ஒன்றே. விகிதம் மாறவில்லை, வாய்ப்பு மட்டும் அடுக்குக்குறி வேகத்தில் தேய்கிறது. அத்தேய்வின் வீதத்தைக் கணிப்பதே இக்கோட்பாட்டின் பணி. காப்பீட்டுச் சிக்கல்களோடு தொடர்புடைய இவ்வினாவை 1938இல் சுவீடன் நாட்டுக் கிராமர் ஆராய்ந்திருந்தார். தனித்தனி நேர்வுகளுக்குரியனவாக இருந்த முடிவுகளை ஒரே கட்டமைப்புக்குள் கொணர்ந்தது வரதனின் சாதனை. மாதிரியின் அளவு பெருகுந்தோறும் புள்ளியியற் சோதனையின் தவறான முடிவுக்கான வாய்ப்பு எவ்வளவு விரைவாகக் குறையும் என்பதையும் இதனால் அறியலாம்.

இப்பணியும் தனியொருவருடையதன்று. மன்ரோ டான்ஸ்கருடன் 1970களில் தொடங்கிய கட்டுரை வரிசை, காலத்தோடு மாறும் தற்செயல் நிகழ்வுகளுக்கு இக்கோட்பாட்டை விரித்தது. டேனியல் ஸ்ட்ரூக்குடன் செய்த ஆய்வு, 1979இல் பல்பரிமாண விரவல் பற்றிய நூலாயிற்று. 2007ஆம் ஆண்டின் ஏபெல் பரிசு வரதனுக்கு வழங்கப்பட்டபோது, பெருவிலகல்களுக்கு ஒருங்கிணைந்த கோட்பாடு அமைத்தமை சிறப்பாகச் சுட்டப்பட்டது.

சென்னை அடித்தளத்தையும், கல்கத்தா தோழமையையும், நியூயார்க் நெடுங்காலக் கூட்டுழைப்பையும் அளித்தன. இவற்றுள் ஒன்றை நீக்கினும் இவ்வரலாறு நிரம்பாது. இவ்வொளியில் நோக்கின் இராமானுசனும் முற்றிலும் தனித்தவர் அல்லர், 1907இல் வி. இராமசாமி ஐயர் தொடங்கிய இந்தியக் கணிதக் கழகத்தின் இதழே 1911இல் அவரது முதல் கட்டுரையை ஏற்றது. மேதையைப் போற்றும் வரலாறு, அவருக்கு இடமளித்த வகுப்பறையையும் இதழையும் தோழரையும் பதிவுசெய்தாலன்றி, அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டாது.